பன்னிரண்டாம் இழுப்பறை

க்ளீட்டஸ் ஹார்பா ஒருத்தன் கையைப் பிடித்துக் குலுக்கும்போது அந்தக் கைக்காரன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடப் பார்க்கமாட்டான் என்று இர்மா செட்லாக் சொல்வாள். வேடிக்கைக்குச் சொன்ன பேச்சில்லை அது. கேலோவே ஃபெர்ரி கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் தொழிற்சங்கத்துக்கு ஹார்பா பதினெட்டு வருஷம் தலைவனாக இருந்தான். அந்தப் பதினெட்டு வருஷமும் சங்க அலுவலகத்தின் முன்மேசையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

இர்மா சங்க உறுப்பினர் அல்ல, குமாஸ்தா. அவள் புருஷன் ஸ்டான் உலையடியில் வேலை செய்தவன். ஒரு ஜூலை மாதம், ஷிப்டின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. மூன்றாம் வாரம் ஹார்பா, வேறு யாரோ சமைத்துக் கொடுத்த ஒரு பாத்திரம் நூடுல்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான். "நம்ம ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு இர்மா" என்றான். காலியாக இருந்தது உண்மைதான். முன்பிருந்த பெண் அவனோடு மாரடிக்க முடியாமல் ஓடிப்போயிருந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும், பேச்சு வற்றும் இடத்தில், "ஒரு விதவையை நான் தெருவுல விடல" என்று அவன் தொண்டையைக் கனைப்பான். ஆண்கள் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். அவள் தட்டச்சுப் பொறியைப் பார்ப்பாள்.

கோட்டு மாட்டும் அறையில் முகவரி அச்சடிக்கும் இயந்திரம் இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரத் தகடு, அதில் பெயரும் முகவரியும். தகடுகளை இழுப்பறையோடு இயந்திரத்தில் செருகி மிதியை அழுத்தினால், உறைமேல் முகவரி விழும். பதினோரு இழுப்பறைகளில் உறுப்பினர்கள். பன்னிரண்டாவது இர்மாவே உண்டாக்கியது. ஒருத்தன் செத்தால் அவன் தகட்டை எடுத்துவிட்டு, அவன் மனைவிக்குப் புதுத் தகடு அடித்து, தலையில் சிவப்புச் சீட்டு செருகி அதில் வைப்பாள். கிறிஸ்துமஸுக்கு விதவைகளின் வீட்டுக்குச் சங்கத்திலிருந்து பன்றித்தொடை போக வேண்டும். அதற்கு முன்பெல்லாம் தலைவருக்கு ஞாபகம் வந்த வீட்டுக்குத்தான் அது போகும், அதாவது எங்கும் போகாது. அந்த இழுப்பறைக்கு அவள் அடித்த முதல் தகடு 'திருமதி ஸ்டான்லி செட்லாக்'.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். அப்போதெல்லாம் அவள் ஒரு அறிவிப்பை அடித்துச் சுவரில் ஒட்டுவாள்: சங்கத்தின் பணத்தையோ பொருளையோ எந்த வேட்பாளருக்காகவும் பயன்படுத்தக் கூடாது, இது நாட்டின் சட்டம். ஹார்பா அதைக் கூட்டத்தில் பாதிரியார் குரலில் வாசிப்பான். வாசித்துவிட்டு, பின்கண்ணாடியில் தன் படம் ஒட்டிய சங்கக் காரில் ஏறி வீட்டுக்குப் போவான். வெள்ளிக்கிழமை சங்க மண்டபத்தில், சங்கத்தின் வாணலியில், சங்கத்தின் எண்ணெயில் மீன் பொரியும். கை துடைக்கும் காகிதத்தில் மட்டும் அவன் பெயர் இருக்கும். ஆயிரம் ஆண்பிள்ளைகளில் ஒருத்தனாவது கேட்டானா? "மீன் இன்னைக்கு நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்று விரலைச் சப்பினார்கள்.

இர்மாவும் யோக்கியம் பேச முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவனை எதிர்த்து ஒருத்தன் நின்றபோது, "இதையும் ஒரு ஓட்டு ஓட்டிடு" என்று ஹார்பா ஒரு கட்டுப் பிரசாரக் கடிதத்தை மேசையில் போட்டான். அவள் உறைகளை இயந்திரத்தில் ஓட்டினாள். பன்னிரண்டாவதை மட்டும் செருகவில்லை. செத்தவர்களுக்கு ஓட்டு இல்லை, அவர்கள் பெண்டாட்டிகளுக்கும் இல்லை.

பிறகு ஒன்பது வருஷம் எதிர்க்க ஆளில்லை. எழுபத்திரண்டில், புட்டி வார்க்கும் அச்சுகளைச் செய்யும் பட்டறை ஆள் ரே டுமிட்ரு நின்றான். நிறையப் பேசுவான், எவர் பேச்சையும் கேட்கமாட்டான். ஆனாலும் நின்றான். ஹார்பா மறுபடியும் பிரசாரக் கடிதம் அடித்தான். இந்தமுறை சாட்சி வேண்டாம் என்று முடிவுசெய்து, ஒரு சனிக்கிழமை மதியம், துணைத்தலைவனான தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்து இயந்திர அறையைத் திறந்தான். பதினெட்டு வருஷத்தில் இருவரும் அந்த மிதியில் கால் வைத்ததில்லை. பன்னிரண்டு இழுப்பறைகள் இருந்தன, பன்னிரண்டையும் ஓட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை தபாலில் இர்மாவின் வீட்டுக்கே ஒன்று வந்தது. உறைமேல் அவள் அடித்த தகட்டின் அச்சு. உள்ளே: 'அன்புச் சகோதரரே! உலையின் அனலில் நாம் தோளோடு தோள் நின்ற நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் ஓட்டை எதிர்பார்க்கிறேன்.' அவள் அதை நின்றபடியே இரண்டுதரம் படித்தாள். ஹார்பா உலையடியில் வேலை செய்தது மொத்தம் ஏழு மாதம்.

மறுநாள் மாடில்டா வ்ராபெல் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இர்மாவோடு ஒரே தேவாலயத்துக்குப் போகிறவள், அவளும் விதவை.

"ஏண்டி இர்மா, எங்க ஜோ செத்து ஒம்பது வருஷமாச்சு. இப்ப போய் அவன்கிட்ட ஓட்டுக் கேக்குறானே இந்த மனுஷன்? மண்வெட்டியோட போய்க் கேக்கச் சொல்லு."

"உறை இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"கிழிச்சுக் கிழிச்சுப் போட்டுடாத."

"நான் மக வீட்டுக்குக் குடிவந்தது உனக்கு மட்டுந்தானே தெரியும்? இவனுக்கு யாரு சொன்னது?"

இர்மா கோட்டு மாட்டும் அறையிலிருந்த இயந்திரத்தை நோக்கி முகத்தைத் திருப்பினாள். மாடில்டாவுக்குப் புரிந்துவிட்டது.

ஹார்பா முப்பத்தொரு ஓட்டில் ஜெயித்தான். டுமிட்ரு புகார் கொடுத்தான். மேலிடத்துச் சங்கக்காரர்கள் அதை மூன்று மாதம் கிடப்பில் போட்டார்கள். அவன் அரசாங்கத்துக்கு எழுதினான். மார்ச்சில் தொழிலாளர் துறையிலிருந்து ப்ரூயிட் என்ற அதிகாரி வந்தார். முகவரிகளையெல்லாம் டெலிபோன் புத்தகத்தைப் பார்த்து எழுதியதாக ஹார்பா சாதித்தான். டுமிட்ரு பத்தொன்பது விதவைகளிடம் வாங்கிய உறைகளை மேசையில் பரப்பினான். மகள் வீட்டில், தங்கை வீட்டில், பின்கட்டில் இருக்கும் பெண்கள். ஒருத்தி பெயரும் டெலிபோன் புத்தகத்தில் இல்லை.

அன்று சாயங்காலமே ஹார்பா இர்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினான். தலைவரின் வழக்கமான சுற்றறிக்கை என்று நினைத்து இந்தக் கடிதங்களை நானே தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று அவள் சொல்வதுபோல் அதில் எழுதியிருந்தது.

"இதுல என்ன இருக்கு இர்மா? ஒரு கையெழுத்து. உன்னை யாரும் தூக்குல போடப்போறதில்ல."

"நான் தப்பு ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணதா வெச்சுக்கோயேன். குமாஸ்தா தப்புப் பண்றது ஊர் உலகத்துல இல்லாததா? உனக்கு பென்ஷனுக்கு இன்னும் ரெண்டே வருஷம். நான் இந்த நாற்காலில இருந்தா அது உன் கைக்கு வரும்."

"பன்னெண்டாவது டிராயரையும் நான்தான் ஓட்டினேன்னு எழுதியிருக்கீங்களா?"

அவன் தாளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அதென்ன பன்னெண்டாவது?"

அதுவரைக்கும் அவள் வேறு மாதிரி நினைத்திருந்தாள். விதவை வீட்டில் ஒரு மகனோ மருமகனோ தொழிற்சாலையில் இருப்பான், அந்த ஓட்டையும் வளைக்கப் பார்த்திருக்கிறான் என்று. அப்படியென்றால் களவாணி, அவ்வளவுதான். ஆனால் இவனுக்குத் தெரியவே தெரியாது. தோளோடு தோள் நின்றவர்களில் யார் மண்ணுக்குள் போனார்கள் என்று இவனுக்கு ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை.

"யோசிக்கணும்" என்று சொல்லித் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

யோசிக்கத்தான் செய்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் போட்டுவிட்டு இரண்டு வருஷத்தை விடுவது முட்டாள்தனம். கையெழுத்துப் போட்டாலும் ஊரில் யாரும் அவளை வையமாட்டார்கள், பாவம் குமாஸ்தா என்பார்கள். அந்தப் பாவம் என்ற சொல்தான் அவளுக்குக் குமட்டியது. இரண்டு நாள் கழித்து ப்ரூயிட் எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கடிதங்களை நீங்கதான் ஓட்டினீங்களா மேடம்?"

"இல்ல. அறுபத்து மூணுல ஓட்டினேன். அவர் சொன்னார், ஓட்டினேன். எழுதிக்குங்க."

"அது இந்தப் புகார்ல வராது."

"வராட்டியும் எழுதிக்குங்க."

அவர் எழுதினார். பிறகு அவள் பன்னிரண்டாவது இழுப்பறையைப் பற்றிச் சொன்னாள். ஓட்டுக் கேட்கும் கடிதம் அந்த வீடுகளுக்குப் போனதென்றால், இயந்திரம் தெரியாத ஆள்தான் ஓட்டியிருக்க வேண்டும் என்றாள். கைப்பையிலிருந்து அந்தத் தாளையும் எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் நாற்காலியில் துணைத்தலைவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். பென்ஷன் அதோடு போயிற்று. இர்மா ஆற்றங்கரைத் தெரு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அரசாங்க மேற்பார்வையில் மறுதேர்தல் என்று முடிவானது. உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அறிவிப்பு தபாலில் போயாக வேண்டும். துணைத்தலைவன் மனைவி இயந்திரத்தை ஒரு மணி நேரம் மிதித்தாள். தகடுகள் சிக்கி வளைந்ததுதான் மிச்சம். ப்ரூயிட் ரொட்டிக்கடைக்கு வந்து, ஒருநாள் வேலையாக இர்மாவைக் கூப்பிட்டார். அவள் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்தாள். வேட்பாளர்கள் இருவரும் நின்று பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. பாதி வேலையில் ப்ரூயிட் டெலிபோன் பேசப் போனார். ஹார்பா சுவரை விட்டு நகர்ந்து இயந்திரத்தின்மேல் கையை ஊன்றினான்.

"ஸ்டான் செத்தப்ப உன் வாசல்ல வந்து நின்னது யாரு?"

"நீங்கதான்."

"அவன் இருந்திருந்தா எனக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பான்."

"போட்டிருப்பான். அவனுக்கு நல்ல மீன் தெரியும், மனுஷங்களைத் தெரியாது. கையை எடு."

டுமிட்ரு பக்கென்று சிரித்தான். அவள் மிதியிலிருந்து காலை எடுக்காமலே அவன்பக்கம் திரும்பினாள்.

"நீ என்னத்துக்குச் சிரிக்கிற? பத்தொம்பது பொம்பளைங்க வீட்டுக்கு உறை கேட்டுப் போனியே, ஒருத்தியையாவது எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் தொப்பியைப் பார்த்துக்கொண்டான். இர்மா பதினோரு இழுப்பறைகளையும் ஓட்டி முடித்தாள்.

ஓட்டு எண்ணிய அன்று அவள் கடையில் நின்று ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். மாடில்டா மூச்சிரைக்க வந்தாள்.

"தோத்துட்டான்டி!"

"எத்தனையில?"

"அம்பத்தெட்டு. அவனுக்கு நானூத்தி நாப்பத்தி ரெண்டுதான்."

இர்மா கத்தியை நிறுத்தினாள். "நானூத்தி நாப்பத்தி ரெண்டு பேரு இதுக்கப்புறமும் அவனுக்குப் போட்டிருக்கானுங்களா?"

"அத விடு. டுமிட்ரு இனி உன்னத் திரும்பக் கூப்பிடுவான், பாரு."

"கூப்பிடட்டும், பாக்கலாம்" என்றாள் இர்மா. மாடில்டாவுக்கு ரை மாவு ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

டுமிட்ரு கூப்பிடவில்லை. அவள் முழங்கால் தேய்ந்துபோகும்வரை, பதினோரு வருஷம், அந்தக் கடையில்தான் நின்றாள்.