இரண்டு பாட்டில், ஒரே ரீடிங்

வினிகரும் பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை... லேப் அலமாரியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். அறுபதுகளில், மாதுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தேன்.

லேபில் என் ஜோடி இசக்கிமுத்து. தாராவிப் பையன், வீட்டில் திருநெல்வேலித் தமிழ். ஈக்விலிப்ரியம் கான்ஸ்டன்ட், அதாவது சமநிலை மாறிலி, கண்டுபிடிக்க ஆளுக்கொரு பாட்டில் வைத்தோம். என்னுடையதில் ஆசிட்டும் ஆல்கஹாலும், ஒவ்வொன்றிலும் ஒரு மோல். அவனுடையதில் நேர்மாறாக, அவை இரண்டும் சேர்ந்தால் உண்டாகும் எஸ்டரும் தண்ணீரும், அதே அளவில். மெழுகால் மூடி, ஒரு வாரம் அலமாரியில்.

பிறகு பியூரெட்டில் காரம் விட்டு, எவ்வளவு ஆசிட் இருக்கிறது என்று பார்த்தோம். இருவர் ரீடிங்கும் அச்சு அசல் ஒன்று!

எனக்குச் சுருக்கென்றது. அவன் அந்த ஆசிட்டை ஊற்றவே இல்லையே... நான் கை கழுவப் போனபோது என் நோட்டு திறந்து கிடந்ததே...

"டேய், என் நோட்டைப் பாத்துதானே எழுதினே?"

"ஏல, ஒன் நோட்ட நான் எதுக்குல பாக்கணும்? வந்தத எழுதுனேன்."

நான் நம்பவில்லை. காப்பி அடித்தான் என்று லேபைக் கவனிக்கும் டெமான்ஸ்ட்ரேட்டரிடம் சொல்லிவிட்டேன். யார் எதை ஊற்றினோம் என்று அவரும் கேட்கவில்லை. இசக்கியின் லேப் ஜர்னலில் கையெழுத்துப் போடாமல் எடுத்து வைத்துக்கொண்டார். ஜர்னல் சர்ட்டிஃபை ஆகாவிட்டால் பிராக்டிகல் பரீட்சையில் உட்காரவே முடியாது. ஒரு வருஷம் போய்விடும்.

அன்று சாயங்காலம், கிங்ஸ் சர்க்கிள் காபிக் கடையில் காபியை ஆறவிட்டு, அவன் திருட்டைக் கணக்கிலேயே பிடித்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். என் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்டராகி, ஒரு பங்கு மிச்சம். உண்டானதைப் பெருக்கி, மிச்சத்தைப் பெருக்கி, வகுத்தால் அந்தக் கான்ஸ்டன்ட், நாலு. அதே நாலை வைத்து அவன் பாட்டிலுக்கும் போட்டேன். எஸ்டரில் மூன்றில் ஒரு பங்கு உடைந்து... அதே ஒரு பங்கு ஆசிட்! எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் அந்தக் காகிதத்தை டெமான்ஸ்ட்ரேட்டரிடம் நீட்டினேன். இசக்கியின் ஜர்னலில் கையெழுத்து விழுந்தது.

"செரி, விடுல" என்றான் இசக்கி. அப்புறமும் என் பக்கத்தில்தான் நின்றான். ஆனால் நான் கிட்டே போனால் நோட்டை மூடிவிடுவான். கடைசி வரைக்கும்.

இப்போது செம்பூர் வீட்டில், நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே பேரன் போனைத் திருப்பிக்கொள்கிறான். எனக்கு அதில் வருத்தமே இல்லை, இந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்.

இசக்கியின் நோட்டு அப்படியில்லை... அந்த வாரம் வரை எனக்காகத் திறந்தே கிடந்தது.