ஊசி ஓட்டை இல்லாத பனியன்

இத்தாலியில் ஒரு மலைக்கிராமம். காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவரின் பனியன் காலரைப் பின்னாலிருந்து மடக்கிப் பார்த்தேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பிக் கைத்தடியை ஓங்கினார். என்னோடு வந்த இரண்டு மாணவர்கள் பத்தடி தள்ளிப் போய், என்னை யாரென்றே தெரியாதவர்கள்போல மலையை ரசித்தார்கள். நான் என்ன செய்ய? டி-ஷர்ட்டையும் பனியன் என்றே சொல்லும் திருப்பூரில் பிறந்தவனுக்கு, அதைக் கண்டால் லேபிளைப் பார்க்காமல் கை அடங்காது. பெண் பார்க்கப் போன இடத்தில், மாமனார் ஆகவேண்டியவரின் பனியனைத் தடவி, "நல்ல துணிங்க, எந்த மில்லு நூலுங்க?" என்று கேட்டவர் என் சித்தப்பா.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீரபாண்டியில் அப்பா நடத்திய பனியன் கம்பெனியை உலகத்தரத்துக்கு உயர்த்துவதற்காக இத்தாலியில் ஜவுளி நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தேன். உயர்த்துவது அப்புறம்; சனி ஞாயிறு வந்தால் ஊர் சுற்றல். சனிக்கிழமை மலையில் அடி வாங்காமல் தப்பித்து, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ஊர் ஒன்றுக்கு வந்தோம்.

அங்கே ஒரு கடை வாசலில் குழந்தைகள் பனியன் வரிசையாகத் தொங்கியது. மஞ்சள் துணி, நெஞ்சில் சிவப்பு நண்டு. எங்கள் கம்பெனி நண்டு போலிருந்தது. பக்கத் தையலில் இருந்த லேபிளைப் பார்த்தேன். எங்கள் ஆர்டர் எண்.

அந்த நண்டுகள் உலகத்திலேயே இருக்கக் கூடாது. ஆறு மாதம் முன்பு, "தையலோரம் ஊசி ஓட்டை, மொத்தச் சரக்கையும் அழித்துவிட்டோம், பணம் கிடையாது" என்று எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் மெயில் அனுப்பியிருந்தான். லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நான்தான் அதை அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? தைத்த பனியன்களைப் பெண்கள் சரிபார்க்கும் செக்கிங் மேசைக்கே போனேன். அந்தச் சரக்கைப் பார்த்து அனுப்பிய திருநெல்வேலிக்கார அக்காவிடம் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"கண்ணு தெரியுதுங்களா, இல்லீங்களா?"

"என் கைக்கு வந்த பீஸ்ல ஒரு ஓட்ட கெடையாது தம்பி. ஒண்ணக் கொண்டாந்து காட்டுங்க, பாப்போம்."

"அல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. எங்க போய்க் கொண்டாறது?"

அழித்துவிட்டோம் என்று பையர் சொன்னதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்ட மேதை நான். அன்று சாயங்காலமே அப்பா அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்.

இப்போது கடற்கரையில் நின்று முப்பது பனியன்களை உள்பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கடைக்காரம்மா போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினாள். ஒரு ஓட்டை இல்லை. கடல் அன்றைக்கு அவ்வளவு நீலம் என்று நண்பர்கள் பிற்பாடு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. ஒரு பனியனை வாங்கிக்கொண்டு டெலிபோன் பூத்துக்கு ஓடி, பையர் பணம் தராமல் ஏமாற்றிச் சரக்கை விற்றுவிட்டான் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அவனுங்க அப்படித்தான் கண்ணு," என்றார் அப்பா. "சத்தம் போட்டா அடுத்த ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிரும். உட்டுரு. சாப்புட்டியா?"

"எனக்குச் சோறு எறங்கலீங்கப்பா," என்று கத்திவிட்டு வைத்தேன். பீட்சா இறங்கியிருந்தது, அதைச் சொல்லவில்லை.

அடுத்த லீவில் பனியனோடு அக்கா வீட்டைத் தேடிப் போனேன். கெட்ட பெயர் பரவி, எந்தக் கம்பெனியும் அவரைச் செக்கிங்கில் சேர்க்கவில்லை. அதைவிடக் குறைந்த கூலிக்கு எங்கோ பிசிறு நூல் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். பனியனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இத எனக்கு எதுக்குக் காட்டுதிய? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அத்தன பேரு முன்னால கத்துனியள்லா, அங்க போயிக் காட்டுங்க."

"நீங்களும் வாங்கக்கா."

"தப்புப் பண்ணுனது நீங்க. நான் எதுக்கு வரணும், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவவா?"

மறுநாள் கம்பெனியில் ஸ்டூல்மேல் ஏறிப் பேசினேன். தையல் மிசின் இரைச்சலில் என் வீரவசனம் எனக்கே கேட்கவில்லை. இறங்கிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். எல்லா மிசினும் ஒன்றாக நின்றது. அப்பா ஆபீஸிலிருந்து ஓடி வந்தார்.

"ஆரு மெயின நிறுத்துனது?"

"நாந்தானுங்கப்பா." பனியனை உயர்த்திப் பிடித்தேன். "அந்தக்கா அனுப்புன பீசுங்க இது. அழிக்கவே இல்லீங்க, கடையில தொங்குது. ஓட்டையும் இல்லீங்க. தப்பு எம்மேலயும் அப்பா மேலயுந்தானுங்க."

செக்கிங் மேசையிலிருந்து ஒரு பெண் கையை நீட்டிப் பனியனை வாங்கினார். உள்பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் தையலோரம் விரலால் நீவிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். அப்பா மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தாச்சுங்களா? போடட்டுங்களா?"

"இன்னும் ரெண்டு பேரு பாக்கோணுங்க."

அப்பா காத்திருந்தார்.

பிறகு அவரே நேரில் போய்க் கூப்பிட்டும் அக்கா வரவில்லை. சேதி பரவியிருந்தது, வேறொரு கம்பெனி அவரைச் செக்கிங் மேசைக்கே எடுத்துக்கொண்டது. நாங்கள் அதே பையருக்கு அடுத்த ஆர்டரைத் தைத்து அனுப்பினோம். இந்த முறை நெஞ்சில் ஆமை.