கறிவேப்பிலை வாங்க வந்த பணிப்பாளர்

இன்று எங்கள் வட்டாரமான த்ரீ கிங்ஸில் நடந்ததை ஒருவரும் நம்பமாட்டீர்கள். சத்தியம் பண்ணிவிட்டே தொடங்குகிறேன்.

இலங்கைக் கடையில் வரிசை இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தகனினி வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் எங்கள் மைதிலி, கையில் கறிவேப்பிலை. பல்கலைக்கழகத்தில் அகதிக் குடும்பத்து, சிறுபான்மைப் பிள்ளைகளைக் கவனிக்கும் பிரிவின் பணிப்பாளர்.

கல்லாவில் நின்ற மாணவி அவரைக் கண்டதும் விம்மினாள்.

“அக்கா, ரெண்டு பேப்பரும் ஃபெயில். யூனிய விடப்போறன். அம்மாக்குத் தெரியாது.”

“விடுறதெண்டா விடு. முதல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாளைக்கு என்ர ஒஃபிசுக்கு வா.”

“அம்மாவையோ? ஸ்டூடன்ட் தனியத்தானே வரவேணும்?”

“மற்ற ஒஃபிசுகளில அப்பிடித்தான். எங்கட வீடுகளில ஆர் தனிய முடிவெடுக்கிறது? மேலிடத்தோட சண்டைபிடிச்சுத்தான் குடும்பமே இருக்கிற மாதிரிப் பெரிய மேசை போட்டிருக்கிறன். நீ ஓமெண்டா, அம்மாவோட நான் கதைக்கிறன்.”

வரிசையே அழுதது. பக்கத்தில் எப்போதோ அணைந்துபோன ரொஸ்கில் எரிமலைகூட ஒருதரம் இருமியது. நான் மட்டும் வீரனாக நின்று, “பிள்ளை, நானும் வரட்டோ?” என்றேன்.

“அங்கிள், நீங்கள் வந்தா அவள் கட்டாயம் விட்டிடுவாள்” என்றார் மைதிலி.

மாணவி சிரித்துவிட்டாள். “ஓம் அக்கா, அம்மாவோட வாறன்.”

நான் அளந்ததில் முக்கால்வாசி புளுகு. திட்டுகிறவர்கள் கீழே கமெண்டில் வரிசையில் வாருங்கள்.

அவள் வருகிறேன் என்றது மட்டும் உண்மை.