அந்த மெட்டு யாருடையது?

இன்று மொரப்பூர் பஸ்ஸில் இயர்போனை மறந்துவிட்டதால், போனைக் காதருகே வைத்துப் பழைய ஜாஸ் தொகுப்பு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ட்ரம்பெட் தொடங்கியதும் பக்கத்து சீட்டு அக்கா என் கையைப் பிடித்தார்.

"இது எங்க வூட்டுக்காரரு ஊதுறதுங்க. சர்ச் பேண்டுல இருந்தாரு. எனக்குன்னே அவரா போட்ட மெட்டு. அவரு போயி நாலு வருசமாச்சு. உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது?"

அது நாங்கள் பிறக்கும் முன்பே அமெரிக்காவில் பதிவானது. திரையில் வாசித்தவரின் பெயர் தெரிந்தது. போனைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"யாரோ அனுப்புனாங்கக்கா."

"இன்னொருக்கா போடுங்க."

கண்ணை மூடிக் கேட்டார். நடுவில், "இங்க மூச்சு வாங்குவாரு பாருங்க" என்றார்.

அதே இடத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது.

எத்தனையோ முறை கேட்ட பாட்டு. அந்த மூச்சை இன்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்தபின் அதைப் போடத் துணிவில்லை.

நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? எது உண்மை என்றும் சொல்லிவிடுங்கள்.