கார் வேண்டாத தீவு

என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. இரண்டு வருடங்களாக இருக்கிறது. என் கணவருக்கு அது தெரியாது.

இவ்வளவுதானா என்று நீங்கள் சிரிக்கலாம். ஒரு லைசென்ஸை மறைத்து வைப்பது அவ்வளவு பெரிய குற்றமா? சிரியுங்கள்... ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

முரளியின் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வருகிறது. நேர் எதிரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, ஆஸ்பத்திரி வாசலில் டாக்ஸிக்காக நிற்கும்போது, கார் சாவியை என் கையில் வைத்தார்.

"நீ கத்துக்கோ வசந்தி. இனிமே நீதான் பைலட்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு டெஸ்டிலும் உண்மையாகவே தோற்றேன். மூன்றாவது முறை, பரிசோதித்த அரபுப் பெண்மணி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "கலாஸ்! மப்ரூக்!" என்றார். முடிந்தது, வாழ்த்துகள்! ஒரு மணி நேரத்தில் கார்டு என் கைக்கு வந்துவிட்டது.

முரளி போன் செய்தார். "என்னாச்சு?"

"ஃபெயில்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன்... அவரைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துப் பார்க்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கேளுங்கள். நாங்கள் இருக்கும் இந்த வளைகுடா நகரத்தில், தேராவில் ஒரு கார்கோ கம்பெனியில் எனக்கு வேலை. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. அதற்கு முன்பு அவரை ஊரின் இன்னொரு பக்கம், அல் கூஸில் அவருடைய ஆபீஸில் விட வேண்டும். பிறகு கூட்டி வர வேண்டும். கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு... ஆயுள் முழுவதும். அந்தக் கார்டைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அலுப்பு வந்தது. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு வாரம்!

அந்த ஒரு வாரத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "மூணு தடவை அலைஞ்சது போதும். உன்னைப் போட்டு வதைக்க மாட்டேன். காரை வித்துடலாம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? இல்லை. கராமாவில் எங்கள் பில்டிங்குக்குக் கீழே, வாங்க வந்தவரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் முரளி காரின் முன்கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். வாங்கியவர் என்னைப் பார்த்து, "மேடம் ஓட்ட மாட்டீங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் முரளி முந்திக்கொண்டார். "அவங்க ட்ரை பண்ணாங்க. நான்தான் வேணாம்னு நிறுத்திட்டேன்."

என் மானத்தைக் காப்பாற்றினாராம்! கார்டு மேலே எங்கள் வீட்டுப் பீரோவில், சென்னையில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகளின் பழைய சான்றிதழ்களுக்கு அடியில் இருந்தது.

அவருக்கு ஓர் ஆசை உண்டு. பத்து வருடமாகக் கைட் சர்ஃபிங் செய்கிறார். பெரிய பட்டம் ஒன்று காற்றில் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் வழுக்கிப் போகிற விளையாட்டு. பட்டம் நேர் எதிரே வானத்தில் நிற்பதால் அது அவர் கண்ணுக்கு இன்னும் தப்பவில்லை. ஆள் நெரிசல் இல்லாத கடல் மட்டும் வேண்டும். ஆசைப்பட்டதைச் சீக்கிரம் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் ஓமானில் உள்ள மஸீரா தீவைச் சொன்னார்கள். நல்ல காற்று, வெறிச்சோடிய கடற்கரை, செலவும் குறைவு. ஆனால் காரில்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

"என்னாலதான். கார் இருந்திருந்தா மூணு நாள்ல போயிட்டு வந்திருக்கலாம். மன்னிச்சுக்கோ வசந்தி."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான்... "பரவாயில்லைங்க" என்றேன்! "ஃபெயில்" என்ற முதல் பொய்க்குப் பிறகு, இந்த இரண்டாவது பொய் என் வாயிலிருந்து எப்படி வந்தது?

பிறகு நான்கு மாதம் அவர் தேடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமைப் பிற்பகல்களில் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, உலகப்படத்தில் கடற்கரை கடற்கரையாக நகர்வார். காற்று தவறாத கடல். உள்ளூர் பஸ். அறையிலிருந்து கடலுக்கும் ரொட்டிக் கடைக்கும் நடந்தே போகிற தூரம். சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு. கார் விற்ற பணத்துக்குள் அடங்குகிற டிக்கெட். எல்லாம் சேர்ந்து அமைந்தது உலகத்தின் மறுகோடியில், கரீபியன் கடலின் ஓரத்தில்... பார்படோஸ்!

"இங்க பாரு, நீலக் கதவு. இதுலேருந்து நேரா நடந்தா பஸ் ஸ்டாப். வலது பக்கம் திரும்பினா கடல். உனக்கு ஒரு அலைச்சலும் கிடையாது."

உனக்கு! எனக்கு அலைச்சல் இருக்கக் கூடாதாம். தெருப் படங்களில் அந்த வழியை எத்தனை முறை நடந்து பார்த்தாரோ தெரியாது. வீட்டுக்காரப் பெண்மணி மார்வாவுக்கு எழுதி, நடைபாதை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். அறையின் வசதி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன பிப்ரவரியில் போனோம். அந்தப் பன்னிரண்டு நாட்களுக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? இருபது வருடம் காரில் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்து போன இரண்டு பேர், முதல்முறையாகச் சேர்ந்து நடந்தோம். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பேசிக்கொண்டே நடப்பார். பஸ்ஸில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்கிற ஊர் அது. இரண்டாம் நாளே அவரும் சொல்லத் தொடங்கிவிட்டார். சந்தையில் பறவைக்கோலா மீனைக் கண்டதும் நாகப்பட்டினத்துக்காரரான அவர் துள்ளிக் குதித்தார். "நம்ம கோலா வசந்தி! இவ்ளோ தூரம் பறந்து வந்திருக்கு!" பகலில் நான் கரையில் நின்று பட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். அவர் கட்டைவிரலைக் காட்டியதும் விடுவேன். பட்டம் எழும்... அவர் போய்விடுவார். கண் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது!

நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இது சத்தியம். அந்தச் சந்தோஷம் முழுவதும் என் பொய்யிலிருந்து முளைத்தது. இதுவும் சத்தியம்.

எட்டாம் நாள் காலை, பலகை சறுக்கிப் பாறையில் விழுந்தார். கெண்டைக்கால் கிழிந்துவிட்டது. யாரோ இருவர் தாங்கிப் பிடித்து அறை வாசல்வரை கொண்டுவந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. மார்வா ஓடி வந்தார். மார்வாவுக்கு ஏற்கெனவே மணிக்கட்டு முறிந்து கையில் மாவுக்கட்டு. அவருடைய சிறிய கார் முற்றத்தில் சும்மா நின்றது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும், கிளினிக் பத்து நிமிடம்தான் என்றார். சாவியை நீட்டி, "உங்களில் யாருக்கு ஓட்டத் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முரளி பல்லைக் கடித்துக்கொண்டு, "அவளுக்குத் தெரியாது" என்றார்.

சாவி என் முகத்துக்கு நேரே இருந்தது.

அங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். டெஸ்டுக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. பதற்றத்தில் எங்காவது கொண்டுபோய் மோதியிருப்பேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் இவற்றில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. பக்கத்தில் அவர் இருக்கிறார், தெரிந்துவிடும்... அது ஒன்றுதான் நினைவில் இருந்தது. அவர் காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நான் என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆமாம், தெரியாது" என்றேன்.

தோளில் சாய்த்துப் பஸ் ஸ்டாப்புக்கு நடத்திச் சென்றேன். மஞ்சள் பஸ் பாட்டை அலறவிட்டபடி வந்தது. ஓட்டுநர் முரளியின் காலைப் பார்த்தார்; பாட்டை நிறுத்தினார். திரும்பிப் பயணிகளிடம் ஏதோ கேட்டார். "போ, போ!" என்று பஸ்ஸே சத்தம் போட்டது. ஒரு பெண் தன் தலைத்துணியை அவிழ்த்து, அவர் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தன் உடுப்பெல்லாம் ரத்தமாவதை அவள் பார்க்கவே இல்லை. பஸ் தன் வழியை விட்டுவிட்டுக் கிளினிக் வாசலில் போய் நின்றது. நான் காசை நீட்டியபோது ஓட்டுநர் என் கையை மூடிவிட்டார்.

அவர்கள் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. இன்றும் கும்பிடுகிறேன். நான் செய்ய மறுத்ததை அவர்கள் செய்தார்கள்... அது அவர்களுக்குத் தெரியாது.

தையல் போட்டு முடித்தபின் முரளி கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா? நீ லைசென்ஸ் வாங்காததே நல்லதாப் போச்சு. கார் இருந்திருந்தா இந்த ஊர் ஏது, இந்த மனுஷங்க ஏது? ரொம்ப தேங்க்ஸ் வசந்தி."

நன்றி சொன்னார்! அதை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தெரியும். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்களா? ...சொல்லியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

திரும்பி வந்துவிட்டோம். இங்கே முதல் லைசென்ஸ் இரண்டு வருடத்துக்குத்தான். போன மாதம் முடியப்போவதாக மெசேஜ் வந்தது. விட்டிருந்தால் காலாவதியாகியிருக்கும், பொய்யும் ஒரு வகையில் உண்மையாகியிருக்கும். விடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஒருநாள் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையா, என்றாவது தேவைப்படும் என்ற கணக்கா... எனக்கே தெரியவில்லை. மதிய இடைவேளையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். புதுப்பிக்கக் கண் பரிசோதனை வேண்டும். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தேன்.

"சூப்பர் மேடம். ரெண்டு கண்ணும் பெர்ஃபெக்ட்" என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்து தூண் மறைவில் நின்று அழுதேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது முரளி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். அடுத்த வருடத்துக்கு இன்னொரு கடற்கரை, இன்னொரு நடந்து போகிற ஊர். மூக்கு திரையைத் தொடும் அளவுக்குக் குனிந்திருந்தார். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தும்...

"வந்துட்டியா? இந்தத் தெருப் பேரு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

படித்துச் சொன்னேன். அதை மட்டும் சொன்னேன்.