கறுப்பு வண்டியின் பின்சீட்டுக்கு அடியில்

காஜாக்காவுக்கு அந்தப் பெயர் தையல் ஆலையில் வந்தது. சட்டைக்குப் பொத்தான் துளை எடுக்கும் வரிசையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். காஜா எடுக்கிற அக்கா, காஜாக்கா. ஆலையை விட்டு வந்து பதினொரு மாதம் ஆகிறது. கணவர் குளியலறையில் விழுந்த அன்று வேலை போனது. பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

கணவரை ஊரில் மீட்டர் என்பார்கள். கார்களுக்கு மின்வேலை செய்கிறவர். மற்றவர்கள் பேனா செருகியிருக்கிற மாதிரி அவர் எந்நேரமும் சோதனை மீட்டரை இடுப்பில் செருகியிருப்பார். கல்யாண வீட்டுக்கும் அப்படியே போய் இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. வீட்டின் முன்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் பட்டறை. ஒரு வண்டி நிற்கும், அதைச் சுற்றி ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம்.

அவர் விழுந்த நாளில் அங்கே நின்றது கண் டாக்டரின் கறுப்பு வண்டி. இன்னும் அங்கேதான் நிற்கிறது. இருபது வயதான வண்டி. புதிதாக இருந்தபோது பெரிய கம்பெனி முதலாளிகள் மட்டும் வைத்திருந்த ஜாதி. பொத்தானை அழுத்தினால் பின்சீட் தானே சாயும், கதவில் நிஜ மரம் பதித்திருக்கும். இப்போது கூரைத் துணி தொங்குகிறது, மரம் தேமல் வந்த மாதிரி திட்டுத் திட்டாக வெளுத்திருக்கிறது. மூன்று நாள் ஓட்டாமல் விட்டால் பேட்டரி செத்துவிடும். அதுதான் அதன் வியாதி. மீட்டர் இரண்டு பேட்டரி மாற்றிப் பார்த்தார். பிறகு, பின்சீட்டை நகர்த்தும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் கெட்டுப்போய் உள்ளுக்குள் கரண்டைக் குடிக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து பெட்டி வரக் காத்திருந்தபோதுதான் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பெட்டி வரவே இல்லை.

திங்கட்கிழமை டாக்டர் போன் செய்தார். ஓய்வு பெற்ற மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"சனிக்கிழமை ஒரு லாரி அனுப்பட்டுமாம்மா? வேற இடத்துல காட்டிப் பாக்கறேன். அவர்கிட்ட பக்குவமா சொல்லுங்க."

அவள் பக்குவமாகத்தான் சொன்னாள். மீட்டர் நாற்காலியில் இருந்தபடியே கொட்டகையைப் பார்த்தார். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும்.

"எந்த வண்டியும்... என்னன்னு கண்டுபிடிக்காம... இந்தக் கேட்டைத் தாண்டுனதில்ல."

"அதுக்கு இப்ப என்ன பண்றதுங்க?"

"கை உன்னுது. கண்ணு உன்னுது. நான் சொல்றேன்."

சாயங்காலம் கைபேசிக் கடை வைத்திருக்கும் கொழுந்தன் வந்தபோது இதைக் கேட்டுச் சிரித்தான். "அண்ணி, சட்டைக்கு காஜா எடுத்த மாதிரி வண்டிக்கும் நாலு ஓட்டை போட்டுறாதீங்க. லாரி வரட்டும், விடுங்க."

"நீ உன் கடையைப் பாரு," என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லத்தான் பார்த்தாள், முடியவில்லை. அவன் போன பிறகும் மீட்டர் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மாதத்தில் சாப்பாடு, மருந்து, கழிப்பறை தவிர அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் இது. முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

செவ்வாய்க்கிழமை அவரை நாற்காலியோடு நகர்த்திக் கொட்டகைக்குள் உட்கார வைத்தாள். அந்த வண்டிக்குப் பேட்டரி முன்னால் இல்லை, டிக்கியில் இருந்தது. அதன் பக்கத்திலேயே பியூஸ் பெட்டி. இரவெல்லாம் சார்ஜரில் போட்டிருந்த பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் சோதனை மீட்டரைச் சேர்க்கச் சொன்னார். வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் வெளியே போகிறதோ, அது அந்தக் கருவியில் எண்ணாகத் தெரியும். ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கினால் எண் விழுகிறதோ, அந்த வழியில் திருடன் இருக்கிறான்.

ஒயரிலும் இரண்டு ஜாதி உண்டு என்று சொல்லிக்கொடுத்தார். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருவது ஒன்று, சாவியைப் பிடுங்கினாலும் கரண்ட் இருந்துகொண்டே இருப்பது இன்னொன்று. தடித்த சிவப்பு இரண்டாவது ஜாதி. "அதுல கை வெக்கும்போது... பாத்து."

செவ்வாய் முழுக்க எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஐந்து என்றது, ஒன்பது என்றது, ஒரு பியூஸைப் பிடுங்கினால் ஏறியது. புதனும் அப்படியே போனது. அவளுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. மதியம் கைகழுவப் போய்த் திரும்பி வந்து, டிக்கியைத் திறந்த அந்த நொடியில் எண் துள்ளிக் குதிப்பதைப் பார்த்தாள். மூடி, காத்திருந்து, மறுபடி திறந்தாள். மறுபடி குதித்தது.

"ஏங்க, நான் திறக்கிறது அதுக்குத் தெரியுதா?"

மீட்டர் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த மாதிரி வண்டிகள் தூங்கும். எல்லாக் கதவும் மூடி நாற்பது நிமிஷம் ஆனால்தான் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கும். ஒரு கதவு திறந்தால் மொத்தமும் விழித்துக்கொள்ளும். அதனால் கதவைத் திறந்துவைத்து, பூட்டின் நாக்கை மட்டும் திருப்புளியால் தள்ளி, மூடியிருக்கிறது என்று வண்டியை நம்பவைக்க வேண்டும். இந்த வேலைக்கு வரும் எவனும் முதல் வாரத்தில் படிக்கிற பாடம்.

"எனக்கு... எப்படி மறந்துச்சு?"

"ரெண்டு நாள்தானே போச்சு, விடுங்க," என்றாள். ஆனால் அவர் விடவில்லை. சாயங்காலம் கஞ்சி ஊட்டும்போதும் அதையே கேட்டார்.

வியாழக்கிழமை காலை பூட்டுகளின் நாக்கையெல்லாம் தள்ளிவிட்டு நாற்பது நிமிஷம் காத்திருந்தார்கள். அசையக்கூடாது என்று அவசியமில்லை, இருந்தும் இருவரும் குழந்தையைத் தூங்கவைத்த வீட்டில் இருப்பதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். எண் படி இறங்கியது. இரண்டு ஆம்பியர், ஒன்று, பிறகு பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு. அங்கேயே நின்றுவிட்டது. ஆரோக்கியமான வண்டியானால் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்றுக்கு வந்திருக்க வேண்டும்.

இருபத்தேழாவது பியூஸைப் பிடுங்கியபோது எண் சட்டென்று விழுந்தது.

"புள்ளி பூஜ்யம் மூணுங்க."

"இருபத்தேழா? பின்சீட்." மீட்டரின் வாய் ஒரு பக்கமாக மலர்ந்தது. "சொன்னேன்ல. சீட்டுப் பெட்டி. அப்பவே சொன்னேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை. பியூஸைத் திரும்பப் போட்டு, பின்சீட்டைத் தூக்கி, பெட்டியின் இணைப்பைக் கழற்றச் சொன்னார். தீர்ப்பு உறுதியாகிவிட்டால் போதும், லாரி வந்தாலும் கவலையில்லை, என்ன மாற்ற வேண்டும் என்று குறிப்பு எழுதி வண்டியோடு அனுப்பலாம்.

அவள் சீட்டைத் தூக்கினாள். பெட்டியைக் கழற்றினாள். மீண்டும் நாற்பது நிமிஷம். எண் பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டிலேயே நின்றது.

பெட்டி நல்ல பெட்டி. திருடன் வேறு எங்கோ இருந்தான்.

அவள் அதை உடனே சொல்லவில்லை. பின்சீட்டுக்கு அடியில் முகத்தைக் கொண்டுபோய், பெட்டிக்கு வரும் தடித்த சிவப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு சாண் தூரத்தில் அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று பிரிந்து பின்பக்கம் போயிற்று. பின்னால் வரும்போது பார்க்கிற கேமராவுக்கான ஒயர். வண்டியோடு வந்தது இல்லை, பிறகு வைத்தது. இணைப்பின்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி ஓரம் உள்பக்கமாகக் கால் அங்குலம் மடித்திருந்தது.

அப்படி மடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கல்யாணமான புதிதில், பழைய டேப்பை நகத்தால் சுரண்டிப் பிரிக்க முடியாமல் அவர் திட்டிக்கொண்டிருந்தபோது, துணி ஓரத்தை மடிக்கிற மாதிரி மடிச்சு விட்டா பிரிக்கும்போது பிடிச்சு இழுக்கலாம்ல என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான் செய்வார். வேறு எந்தப் பட்டறையிலும் யாரும் அப்படிச் செய்வதில்லை.

கேமராவைச் சாவி போட்டால் வரும் ஒயரில் சேர்த்திருக்க வேண்டும். அவர் எந்நேரமும் கரண்ட் இருக்கிற சிவப்பில் சேர்த்திருந்தார். அது இரவும் பகலும் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் கேமரா வைக்கச் சொன்னது மீட்டர் விழுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால். அதற்கு அப்புறம்தான் வண்டிக்கு இந்த வியாதியே. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தபோது, இதற்கு முன்னாலேயே பக்கவாதம் சின்னதாக இரண்டு முறை வந்து போயிருக்கிறது, பழைய தழும்பு தெரிகிறது என்றார்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையா என்று அவளைக் கேட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொன்னாள்.

"என்ன இருக்கு?" என்றார் மீட்டர் வெளியிலிருந்து.

சீட்டின் தோல் வாசனையும் தூசியும் மூக்கை அடைத்தன.

"எலி கடிச்சிருக்குங்க. ஒயரை."

"எலியா?" அவர் சிரித்தேவிட்டார். இருமல் வரும்வரை சிரித்தார். "எலி... என்னை ஏமாத்திருச்சா."

"ஆமாங்க."

டேப்பைப் பிரித்து இணைப்பை வெட்டினாள். சிவப்பு ஒயரின் காயத்தைச் சுற்றி மூடினாள். இனி கேமரா ஒயரைச் சரியான ஜாதியில் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் பதினாலு ஒயர் ஓடியது. எது என்று அவளுக்குத் தெரியாது. சேர்க்காமல் விட்டால், டாக்டர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதே திரை இருட்டாக இருக்கும், யார் பிடுங்கியது, ஏன் என்று கேட்பார். வயசான மனிதர், கழுத்தைத் திருப்ப முடியாமல்தான் அதை வைத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தாள். கேட்பதைத் தவிர வழியில்லை.

"ஏங்க, சாவி போட்டா மட்டும் வர்ற ஒயர், இங்க எந்தக் கலரு?"

தெருவில் ஒரு பால் வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எலி கடிச்சா... ரெண்டு முனையைச் சேத்தா போதுமே," என்றார். "அது எதுக்கு?"

அவள் வெட்டிய ஒயர் முனையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கேமராவா?"

"ஆமாங்க."

"டேப்பு ஓரம்... மடிச்சிருந்துச்சா?"

கையில் கிடந்த டேப்பைப் பார்த்தாள். வேறு யாராவது செய்தது என்று இப்போதும் சொல்லலாம். சொன்னால் நம்புவாரா என்பது வேறு விஷயம், நம்பின மாதிரி இருப்பார்.

"மடிச்சிருந்துச்சுங்க."

"நீலம். வெள்ளைக் கோடு போட்டது," என்றார்.

சேர்த்தாள். நாற்பது நிமிஷம் காத்திருந்தார்கள். இந்த முறை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எண் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்றுக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

வண்டி தயார் என்று அவள் போன் செய்ததால், சனிக்கிழமை டாக்டர் லாரி இல்லாமல் தனியாக வந்தார். சாவியைத் திருப்பியதும் வண்டி பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு உயிர் பெற்றது. அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார்.

"என்னதாங்க பிரச்சினை?"

மீட்டர் மனைவியைப் பார்த்தார். "சொல்லு."

சொன்னாள். கேமரா, சிவப்பு ஒயர், இரண்டு பேட்டரி, கெடாத சீட்டுப் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கொட்டகையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அட போங்க. நான் ஒருத்தருக்கு இடது கண்ணுக்கு எழுத வேண்டிய நம்பரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். ஒரு மாசம் படிக்கட்டுல தடுக்கி விழுந்துட்டு வந்து என்னையே கும்பிட்டுட்டுப் போனார்."

"நீங்க எப்ப நிறுத்துனீங்க?" என்றார் மீட்டர்.

"கை லேசா நடுங்குச்சு. மறுநாளே ஆபரேஷன் பண்றதை விட்டுட்டேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சுச்சு," என்றார் மீட்டர்.

டாக்டர் அவருடைய இடது கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு எழுந்தார். வண்டி கேட்டைத் தாண்டிப் போனது. கொட்டகையில் அது நின்ற இடம் மட்டும் தூசியில்லாமல் கறுப்பாக இருந்தது. அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

"அதை வெச்சுட்டு வா," என்றார். "நோட்டு எடு."

"எதுக்குங்க?"

"நான் விழறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷத்துல... எத்தனை வண்டிக்கு ஒயர் போட்டேன்?"

பேட்டரி இறங்கினால் அதோடு போகும். தடித்த ஒயரில் மெல்லிய ஒயரைச் சேர்த்தால் எல்லா வண்டியிலும் பேட்டரி மட்டும்தான் இறங்கும், ஒயர் சூடேறித் தீப்பிடிக்காது என்று யார் சொன்னது? அவள் பழைய நோட்டு ஒன்றை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ரொட்டிக் கடைக்காரர் வேன்," என்றார். "பின்னாடி விளக்கு."

எழுதினாள்.

"டீச்சரம்மாவோட சின்ன வண்டி. ஹாரன்."

எழுதினாள்.

"அப்புறம்... ஒரு பச்சை வண்டி. குழந்தை சீட் கட்டியிருக்கும்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றிச் சுருக்கம் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. "டேஷ்போர்டுக்கு அடியில பாதி நாள் படுத்துக் கிடந்தேன். எந்த ஒயர் எங்க போச்சுன்னு... இப்பவும் கண்ணுல தெரியுது."

"யாரோட வண்டிங்க?"

அவர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.

பச்சை வண்டி, குழந்தை சீட் என்று எழுதி, பக்கத்தில் ஆள் பெயருக்கு இடம் விட்டு, அவள் காத்திருந்தாள்.