முன் அறையில் விரித்த படுக்கை

நேற்று துவாய் எடுப்பதற்காக அலுமாரிக்குள் கையை விட்டேன். துவாய்களுக்கு நடுவே மனைவி செருகி வைத்திருந்த சவர்க்காரம் ஒன்று காலடியில் விழுந்தது. உறை பிரிக்காதது. சந்தன வாசம். குனிந்து எடுத்தவன் திரும்ப வைக்காமல் அதை மூக்கோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன, சவர்க்காரத்தத் திங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி. அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் அப்போது அக்கரைப்பற்றில் இல்லை. கல்முனையில், உம்மாவின் முன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

முன் அறை என்றால் வந்தவர்கள் தங்கும் அறை. வாப்பா புடவைக் கடை வைத்திருந்தார். கொழும்பிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் யாவாரிகள் வருவார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அவர்களுக்கு எங்கள் வீடுதான். யார் எப்போது வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. அதனால் யாரோ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பிலேயே உம்மா அந்த அறையை எந்நேரமும் வைத்திருப்பார்.

வெயிலில் காயப்போட்டு உப்பிய இலவம்பஞ்சு மெத்தை. சவர்க்கார வாசம் ஏறிய வெள்ளை விரிப்பு. தொழுவதற்குக் கிப்லாப் பக்கமாக மடித்து வைத்த முஸல்லா விரிப்பு. மாற்று உடுப்பில்லாமல் வருகிறவர்களுக்கு, ஒட்டிய தாள்கூடப் பிய்க்காத ஒரு புதுச் சாரன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டுச் சோற்றிலேயே மணல் கடிபடும். அந்த அறைக்குள் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. "கச்சானும் உன்னக் கேட்டுத்தான் உள்ள வருது போல" என்று வாப்பா சிரிப்பார்.

எனக்கு அந்தக் கட்டில் மேல் தீராத ஆசை. நானும், அண்ணனான என்னைக் 'காக்கா' என்று கூப்பிடும் தங்கச்சியும் ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள். பகலில் யாருமில்லாத நேரம் மெதுவாக அறைக்குள் நுழைவேன். பச்சைத் திரைச்சீலை வழியாக வரும் வெளிச்சத்தில் அறை குளத்துக்கு அடியில் கிடப்பது போல இருக்கும். தலையணையை முகர்ந்தால் போன கிழமை வந்த யாவாரியின் அத்தர் மணக்கும். சிலருடையது மல்லிகை. சிலருடையது வெறும் மூட்டுவலித் தைலம், அதற்கும் ஒரு மயக்கம் இருந்தது. ஒரு நாள் அந்த மயக்கத்தில் கட்டிலில் ஏறிக் கண்ணை மூடிவிட்டேன். கடல் இரைவது எங்கோ தூரத்தில் கேட்டது. அப்படி ஒரு சுகம் பிறகு எந்த மெத்தையிலும் வாய்க்கவில்லை.

"டேய், எழும்புடா! வாறவங்களுக்கு விரிச்சதுல ஊத்தக் கால வெச்சிட்டுப் படுத்திருக்கிறியே!"

உம்மாவின் கையில் விளக்குமாறு இருந்தது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்ததும் ஆண்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுவான். அந்த வழமைப்படிதான் நானும் அக்கரைப்பற்றுக்குப் போனேன். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் என்ன பெரிய தூரம் என்று நினைத்திருந்தேன்.

முதல் தடவை உம்மா வீட்டில் தங்கப் போன அன்று, பகல் லுஹர் தொழுது, சாப்பிட்டு, பழைய இடத்தில் பாயை விரித்தேன். உம்மா ஓடி வந்தார்.

"பாயில படுக்காதீங்க மகன். முன் அறையில விரிச்சிருக்கன்."

போன மாதம் வரை "எழும்புடா" என்றவர் இப்போது "படுக்காதீங்க" என்கிறார்.

"எண்ட பழைய சாரன் எங்க உம்மா?"

"அது கிழிஞ்சிட்டுதே. நிலம் தொடைக்க எடுத்திட்டன்" என்று புதுச் சாரனை நீட்டினார். தாள் ஒட்டியபடி இருந்தது.

சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். தூக்கம் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. பெற்ற உம்மாவே என்னை விருந்தாளி ஆக்கிவிட்டாரே. மீசை முளைத்த மாப்பிள்ளை ஒருவன் தலையணை உறையைக் கடித்துக்கொண்டு அழுவதை நீங்கள் பார்த்திருந்தால் நிச்சயம் சிரித்திருப்பீர்கள்.

அதன் பிறகு எப்போது போனாலும் அதே அறை, அதே வெள்ளை விரிப்பு. நானும் ரோஷத்தோடு விருந்தாளியாகவே நடந்துகொண்டேன். ஓர் இரவு தங்குவேன், விடிந்ததும் புறப்பட்டுவிடுவேன். "இன்னும் ஒரு நாள் நிண்டா என்ன மகன்?" என்று உம்மா வாசல் படலை வரை வருவார். "வேல கிடக்கு உம்மா" என்பேன். அது ஒவ்வொரு யாவாரியும் சொல்லிவிட்டுப் போன பதில்தான்.

உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். வீடு இப்போது தங்கச்சியுடையது. முன் அறைச் சுவரை இடித்து ஹோலைப் பெரிதாக்கித் தரைக்கு மாபிள் பதித்திருக்கிறாள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஏசி வேனில் வந்து, சாப்பிட்டுவிட்டு, அன்றே திரும்புகிறார்கள். யாருக்கு அறை வேண்டும்?

போன பெருநாளைக்குப் போயிருந்தபோது, விளையாட்டாகச் சொல்வது போலத் தங்கச்சியிடம் சொன்னேன்: "இந்த இடத்திலதான் உம்மா என்ன வேத்து ஆளாக்கினவ."

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன காக்கா கதைக்கிறீங்க? நீங்க கல்யாணம் முடிச்சிப் போன நாளையிலிருந்து அந்தக் கட்டில்ல வேற ஒருத்தரையும் உம்மா படுக்க உட்டதில்லையே. வாற யாவாரிமாருக்கெல்லாம் ஹோல்லதான் பாய். வாப்பாவும் சண்ட புடிச்சுப் பாத்தாரு. அது எண்ட மகன்ட அறை, நெனச்ச நேரம் வருவாரு எண்டுவா."

சுவர் இருந்த இடத்தைத் தேடினேன். மாபிளில் ஒரு கோடுகூட இல்லை. அந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருந்திருக்கிறது. அதில் நான் ஒரு தடவைகூட இரண்டாவது இரவு தங்கியதில்லை.